பிரவீனாவின் மார்க் ஷீட்

பெரியநாயக்கன்பாளையத்துக்கு அருகே ஒரு நூற்பாலையில் சேர்ந்தபோது பிரவீனாவுக்குப் பதினெட்டு வயது. அந்தியூர்ப் பக்கத்துப் பெண். விடுதி ஆலைக்குள்ளேயே இருந்தது. எட்டு மணி நேரம் அறுந்த நூலை ஒட்டிவிட்டுக் கொஞ்சம் நடந்தால் படுக்கை. கேட்டைத் தாண்டுவது மாதத்தில் ஒரு ஞாயிறு, அதுவும் வார்டனோடு.

முன்பு மாவட்ட அணியில் கபடி ஆடிய யாஸ்மின், ஓர் அறக்கட்டளை சார்பில் ஞாயிறுதோறும் விடுதிப் பெண்களுக்குக் கபடி பழக்க வந்தாள். ஆட்டம் முடிந்ததும் யாரையாவது அழைத்துவந்து அவர் பார்க்கும் வேலையைப் பற்றிப் பேசவைப்பாள். ஒரு வாரம் பம்ப் கம்பெனியில் இரும்பைக் கடையும் லேத் மெஷின் ஓட்டும் ஹர்ஷிணி வந்தாள். அவள் கொண்டுவந்த வெர்னியர் அளவுகோலை வாங்கி, பிரவீனா தன் வளையல், ஹேர்பின், சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் அளந்து பார்த்தாள்.

"எங்க கம்பெனியில பயிற்சிக்குப் புள்ளைங்களை எடுக்கறாங்க. ஜூலை பதினஞ்சுக்குள்ள பத்தாவது மார்க் ஷீட்டோட வா அம்மணி," என்றாள் ஹர்ஷிணி.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பிரவீனாவின் மார்க் ஷீட்டை ஆலை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூணு வருச காண்ட்ராக்ட் முடியட்டும் கண்ணு. இன்னும் பதினோரு மாசந்தானே?"

மூன்று முறை கேட்டாள். அதே சிரிப்பு, அதே பதில். போனில் அப்பா, "அங்கயே இருந்துக்க சாமி. வெளிய வந்தா நாலு பேரு நாலு பேசுவாங்க," என்றார். கபடியில் காலைப் பிடித்தவள் யாரென்றாவது தெரியும். இங்கே யாருடைய கையை உதறுவது?

ஆலையில் அனுமதி வாங்கி யாஸ்மின் அழைத்துப்போன வெளியூர்க் கபடி ஆட்டம் முடிந்து திரும்பும்போது, அவளோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடு. டூப்ளிகேட் வாங்கிக்கலாம்," என்றார் பெண் போலீஸ்.

"தொலையலீங்க. மில் ஆபீஸ் பீரோவுல இருக்குதுங்க. அப்படியே எழுதறனுங்க."

அவர் போனை எடுத்து மில் ஆபீஸைக் கூப்பிட்டார்.

ஜூலை பத்தொன்பதாம் தேதி மார்க் ஷீட் கைக்கு வந்தது. அன்றே அவள் பெட்டி கேட்டுக்கு வெளியே வைக்கப்பட்டது. பயிற்சிக்கு ஆள் எடுத்து முடிந்திருந்தது. ஆறு மாதம் யாஸ்மின் வீட்டில் தங்கி, ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்கிவிட்டு, ஜனவரியில் அடுத்த முறை ஆள் எடுத்தபோதுதான் பம்ப் கம்பெனியில் சேர்ந்தாள்.

ஆலை விடுதியில் அறைத்தோழியாக இருந்த அக்ஷயா ஒருநாள் போனில் சொன்னாள்: "யாஸ்மின் அக்காவை இப்ப உள்ள விடறதில்லடி. ஞாயித்துக்கிழமை சும்மாதான் படுத்திருக்கறோம்."

"உன் மார்க் ஷீட்டைக் கேட்டயா?"

அந்தப் பக்கம் வார்டன் கூப்பிடும் குரல் கேட்டது. போன் கட்டாகிவிட்டது.