ஜன்னல் வெளிச்சத்தில் தெரியாத விலாசம்

என் அக்காவுக்கு வக்கீல் ஆபீஸில் ‘முத்திரையம்மா’ என்று பெயர். இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே மர நாற்காலி. அவள் முத்திரை விழாமல் ஒரு காகிதமும் வெளியே போகாது. மதியம் சாப்பாட்டுப் பெட்டியைக் காணவில்லை என்றால் வக்கீல், “ஏம்மா, அதுக்கும் முத்திரை குத்தி அனுப்பிட்டீங்களா?” என்று கேட்பாராம்.

அவளுக்குத் தன் வேலையில் ஒரு கர்வம் உண்டு. சில வழக்குகளில் கட்சிக்காரரின் விலாசம் எதிர்த்தரப்புக்குத் தெரியக் கூடாது. அப்படி ஒரு பத்திரம் வந்தால் விலாச வரியின் மேல் கறுப்பு மையைத் தடவி, நகலெடுப்பாள். நகலை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தலையைச் சாய்த்து, முன்னும் பின்னும் பார்ப்பாள். ஓர் எழுத்தின் வால் தெரிந்தாலும் மறுபடி மை. “என் கையத் தாண்டி ஒரு விலாசம் வெளிய போனதில்ல” என்பாள். போன வருடம் வரை அது உண்மை.

நீதிமன்றம் காகிதத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கணினியில் கேட்க ஆரம்பித்தது. அக்கா அசரவில்லை. ஐம்பத்தோராவது வயதில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். தன் முத்திரையைக்கூடப் படமாக்கிப் பத்திரத்தின் அடியில் ஒட்டிவிட்டாள்.

நான் வேறு நாட்டில் இருக்கிறேன். தூரத்தில் இருப்பவனுக்குப் பாசம் என்பது பாதி பயம்தான். எங்கோ ஒரு வக்கீல் ஆபீஸின் மின்னஞ்சலைத் திருடிவிட்டார்கள், யாரோ கண்ட இணைப்பைத் தொட்டுவிட்டார் என்று எந்தச் செய்தி வந்தாலும் உடனே அவளுக்கு அனுப்பிவிடுவேன். வேற்று மொழியில் இருந்தால் நானே தமிழில் எழுதி அனுப்புவேன். வாரத்துக்கு ஏழெட்டாவது போகும்.

“எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து, ஓட்டை போட்டு, ஃபைல்ல வச்சிருக்கேன்டா. மேல ‘தம்பி பயம்’னு எழுதியிருக்கேன்.”

“வச்சா போதுமாக்கா? படிக்கணும்.”

“அதப் படிச்சா கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டேன். அப்புறம் உன் மாமாவா வந்து டைப் அடிப்பாரு?”

அந்தச் சமயத்தில்தான் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி கட்சிக்காரியாக வந்தாள். அடிக்கிற கணவனிடமிருந்து ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, எட்டு மாதமாக ஒளிந்து வாழ்கிறவள். பையில் எப்போதும் சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். வரும்போதெல்லாம் அக்காவின் மூக்குக் கண்ணாடியைப் பார்த்து, “இந்தக் கால் இன்னும் ஆடுதே. கழட்டிக் குடுங்கக்கா” என்று வாங்கி முடுக்கிக் கொடுப்பாள். அக்கா என்னிடம் அவளைப் பற்றி வழக்காகப் பேசியதே இல்லை. வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலத்தான்.

குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற அவளது மனுவை அக்காதான் தயார் செய்தாள். திரையில் விலாசத்தின் மேல் கறுப்புப் பெட்டி ஒன்றை வரைந்தாள். அது போதுமா என்று சந்தேகம். அதனால் காகிதத்தில் அச்செடுத்தாள். ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். முன்னும் பின்னும் பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. திருப்தியோடு திரும்பி வந்து, கணினியில் இருந்த கோப்பை எதிர்த்தரப்புக்கு அனுப்பினாள்.

நான்காம் நாள் காலை அந்தப் பெண் மகளோடு மாடிப்படி இறங்கும்போது கீழே வாசலில் கணவன் நின்றான். மேல்வீட்டுக்காரி கதவைத் திறந்து இருவரையும் உள்ளே இழுத்துக்கொண்டதால் பிழைத்தார்கள். போலீஸ் வருவதற்குள் அவன் போய்விட்டான். படியில் ஒரு காகிதத்தை வைத்துவிட்டுப் போயிருந்தான். அதே மனு. கறுப்புப் பெட்டி இல்லை. கதவு எண் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. அடியில் அக்காவின் முத்திரை.

வக்கீல் கோப்பைத் திறந்து, கறுப்புப் பெட்டியின் மேல் மவுஸை இழுத்து, நகலெடுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒட்டினார். விலாசம் வந்து நின்றது.

“அச்சுல ஒண்ணும் தெரியலையே சார். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேனே.”

“நானும் பாத்துட்டுத்தானம்மா கையெழுத்துப் போட்டேன்” என்றார் அவர். அன்றே நீதிபதியிடம் போய்த் தன் ஆபீஸின் தவறு என்று சொல்லிவிட்டு வந்தார்.

சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். ‘தம்பி பயம்’ ஃபைல் அவள் மடியில். ஒரு தாளைச் சத்தமாக வாசித்தாள்: “வக்கீல் ஆபீஸில் இருப்பவர்கள் கவனிக்க. திரையில் கறுப்புப் பெட்டி போட்டால் எழுத்து அழியாது, அடியில் அப்படியே இருக்கும்.” வாக்கியம் என்னுடையது. மூன்று மாதத்துக்கு முன் ஒரே நாளில் அனுப்பிய ஐந்தில் அது நான்காவது.

“அக்கா...”

“தெனமும் புலி வருது புலி வருதுன்னா, எந்தப் புலிக்குடா நான் ஓடுறது?”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் புது மனுவுக்காக வந்தாள். மகளைக் கூட்டி வரவில்லை. அவளுக்குப் பாதி வருடத்தில் பள்ளிக்கூடத்தை விட வேண்டியதாகிவிட்டது. பழைய வீட்டுக்குத் திரும்பவே இல்லை, உடுத்திய துணியோடு போனதுதான். அக்கா எழுந்து நின்றாள். பத்து நாளாக மன்னிப்பு வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

“பாப்பா எப்படி இருக்கா?”

“இருக்கா.”

அக்கா டைப் அடித்துக்கொண்டே வந்து, ஒரு வரியில் நிறுத்தினாள். “விலாசம்...”

“அது வேணாம்க்கா. சார்கிட்டகூடச் சொல்லல. கவர்ல போட்டு ஒட்டி, ஜட்ஜ் கையில நானே குடுத்துக்கறேன்.”

அக்கா தலையாட்டினாள். கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பையைத் திறந்தாள்.

“கழட்டிக் குடுங்க.”

முடுக்கி, துடைத்து, மேசைமேல் வைத்தாள். கையெழுத்துப் போட்டாள். போய்விட்டாள்.

“நல்லா நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்டா” என்றாள் அக்கா என்னிடம். “நிக்க வச்சுக் கேட்டிருக்கலாம். ஸ்க்ரூவை முடுக்கிக் குடுத்துட்டுப் போறா.”

அந்தப் பெண் போன பிறகு அக்கா புது மனுவை இன்னொரு முறை அச்செடுத்தாளாம். ஜன்னலுக்கு எடுத்துப்போய், வெளிச்சத்தில் பிடித்து நின்றாளாம்.

“அதுலதான் விலாசமே இல்லையேம்மா, என்ன பாக்குறீங்க?” என்று கேட்டாராம் வக்கீல்.

அக்கா காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.