மூன்றாம் வாரத்து அலை

தேங்காப்பட்டணத்துக் கணக்கு டீச்சர் ஜஸ்னா அலைச்சறுக்குப் பலகை வாங்கியதே கடலுக்குள் கிடக்கும் ‘பார்’ என்னும் பாறைத்திட்டுக்காகத்தான். அதில் உடையும் அலைமேல் அவள் ஒருமுறைகூட நின்றதில்லை. இரண்டு வாரம் காற்று கடலைக் கலக்கும், மூன்றாம் வாரம் தெற்கிலிருந்து நீண்ட அலை வரும் என்று போனில் பார்த்துச் சொன்னாள்.

“ஏட்டி, அதுவர அந்தப் பலகையில துணி துவைச்சுக்கோ,” என்றான் வள்ளக்காரனான அண்ணன் ஜாஸிம்.

ஜஸ்னா கரையிலேயே காத்திருந்தாள். மூன்றாம் வாரம் அலை வந்தேவிட்டது. ஜாஸிம்தான் வள்ளத்தில் கொண்டுபோய் இறக்கினான். முதல் அலை அவளைப் புரட்டிப் போட்டது. அடுத்ததில் எழுந்து நின்றவள், பாரைத் தாண்டி நுரை அடங்கும்வரை விழவேயில்லை.

ஜாஸிம் வள்ளத்தில் நின்று கூவினான்: “ஏட்டி, அடுத்த வாரமும் அலை உண்டா? உம்மாவயும் கூட்டிட்டு வாறேன்!”