கண்ணாடிக்குள் ஒரு சம்மனசு

இப்போது பிள்ளைகள் ஆடும் வீடியோ கேமில் இறக்கை வைத்த குட்டிப் பெண் ஒன்று வரும். ஆடுகிறவன் விழுந்தால் உயிர் கொடுத்துவிட்டுப் போகும். அது வந்தால் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன்.

அந்த மாதிரி ஒன்றை நான் முதலில் பார்த்தது போர்ட் பிளேர் மேளாவில். எழுபதுகளின் கடைசி. டி.வி.கூட வரவில்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மேலே கண்ணாடி, உள்ளே இரும்புப் பந்து. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் பந்து ஓடும். நடுவில் இறக்கையோடு ஒரு குட்டிப் பெண் பொம்மை. கொழுத்த கன்னம், சுருட்டை முடி.

எங்கள் பிள்ளை அந்த மழைக்காலத்தில்தான் காய்ச்சலில் போயிருந்தாள். நடக்கத் தொடங்கிய வயசு. ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை, இறக்கை முளைத்த சம்மனசாகி ஆண்டவரிடம் பறந்துவிட்டாள், அழக் கூடாது என்று கோயிலில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அழவில்லை. நான் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறேனே என்று என் வீட்டுக்காரர்தான் அக்கரையிலிருக்கும் எங்கள் பாம்பூஃப்ளாட்டிலிருந்து போட்டில் என்னை மேளாவுக்குக் கூட்டிவந்தார்.

பெட்டியைப் பார்த்ததும் என் கை தானாகச் சிலுவை போட்டது. விரலை முத்தமிட்டேன்.

கடைக்காரன் சிரித்தான். "அரே அம்மா, சாமி நஹி! கேம் ஹை, கேம்!"

வீட்டுக்காரரோடு மர ஆலையில் வேலை பார்ப்பவர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவர் சொன்னார், "மச்சான், தங்கச்சிக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக் குடு. ஏத்தட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். மெழுகுவர்த்தி என்றவரே ஆடவும் செய்தார். பந்து போய்ப் பொம்மை மேல் இடித்தது. மணி அடித்தது. "இன்னும் அடி, நல்லா அடி" என்று கத்தினார்கள். நான் கண்ணாடி மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தேன்.

"அடிக்காதீங்க. பச்சப்புள்ள."

வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. என் காதோரம் குனிந்தார். "ஏட்டி, கைய எடு. அது அடி இல்ல. பந்து அவளத் தொட்டா இன்னொரு பந்து தருவா. செத்த ஆட்டம் பொழச்சுக்கும். அதுக்குத்தான் அவ அங்க நிக்கா."

"பொழச்சுக்குமா?"

"ஆமா."

"அப்ப நீங்க அடிங்க," என்றேன். "நம்ம புள்ளைக்கு."

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. மெழுகுவர்த்தி என்றவர் தரையைப் பார்த்தார். எல்லாரும் விலகி எங்களுக்கு வழி விட்டார்கள். வீட்டுக்காரர் நீட்டிய காசைக் கடைக்காரன் வாங்கவில்லை. "பைசா நஹி, பாய். நீங்க ஆடு."

அவர்கள் சிரித்தபோதுகூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இல்லை. அவர்கள் விலகி வழி விட்டதும்தான் கூசியது. வீட்டுக்காரர் ஸ்பிரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம், போட் போயிரும்," என்றேன். கையைப் பிடித்து அவரை வெளியே இழுத்துவந்தேன்.

சாத்தம் ஜெட்டிக்கு நடந்தோம். போட்டில் ஏறி உட்கார்ந்ததும் அவர் சொன்னார்.

"ஒரு தடவ ஆடியிருக்கலாம்."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.