பூசணிக்காய் இரண்டு முறை உடைந்த படம்

1. போனில் வந்த மொட்டை

மாதையன் அண்ணனின் தலையில் முடி இல்லை என்ற செய்தி எனக்கு ஒரு போட்டோவாக வந்தது. முந்தைய நாள்தான் படப்பிடிப்பு முடிந்திருந்தது. நான் மைசூரில் என் வீட்டில், யாரும் அவசரப்படுத்தாத ஒரு காலையில், சட்னி சாம்பார் இரண்டும் வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போட்டோவில் அண்ணன் மாதேஸ்வரன் மலைக் கோயில் வாசலில் நின்றிருந்தார். தலை முழுக்கச் சந்தனம். பக்கத்தில் அவருடைய அம்மா குருவம்மா, தானே மலையைத் தூக்கி வைத்ததுபோல் நிமிர்ந்து நின்றார். எண்பதைத் தாண்டியவர். நானும் சிரித்துக்கொண்டே ஒரு கும்பிடு அனுப்பினேன்.

இட்லியை முடிப்பதற்குள் மஞ்சு கூப்பிட்டான். எங்கள் யூனிட்டின் புரொடக்‌ஷன் மேனேஜர். மைசூர்ப் பையன், கன்னடத்தில் யோசித்துத் தமிழில் திட்டுவான்.

“பிலோக்கா, மாதையன் அண்ணா எல்லி, எங்க இருக்காரு? போனே போகல. நாளைக்கு மறுபடி ஷூட் இருக்கு.”

“என்னடா ஷூட்? நேத்துதானே படம் முடிஞ்சுதுன்னு நீயே பூசணிக்காய் உடைச்ச?”

“உடைச்சது தப்பாயிடுச்சு அக்கா. கடைசி சீன்ல அண்ணன் க்ளோஸப் எல்லாம் சாஃப்ட். ஃபோகஸே இல்ல. டைரக்டர் தலைல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.”

“அவருக்காவது தலையில முடி இருக்கு,” என்று சொல்லிவிட்டு அந்தப் போட்டோவை அவனுக்கு அனுப்பினேன். பிறகு “அய்யோ தேவரே” என்று மட்டும் கேட்டது.

நான் பிலோமினா. சினிமாவில் ஹேர் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவள். என் அக்கா தங்கை எல்லாம் நர்ஸ், டீச்சர் என்று மரியாதையான வேலைக்குப் போனார்கள். நான் மட்டும் சீப்பை எடுத்துக்கொண்டு ஷூட்டிங் வேனில் ஏறினேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள், உங்கள் வாழ்க்கையில் பெரிய சோதனை எது என்று. அந்த மொட்டைதான்.

2. பிணத்துக்குத் தலை சீவினேன்

மாதையன் அண்ணனை எனக்கு என் முதல் நாளிலிருந்தே தெரியும். அன்று அவர் பிணமாகப் படுத்திருந்தார்.

கோபிநத்தம் பக்கத்திலிருந்து வந்தவர். மைசூரில் நாடகங்களில் நடித்துக்கொண்டே சினிமாவில் சின்னச் சின்ன வேஷம் தேடிய காலம். எனக்கு அன்று கொடுத்த முதல் வேலை, பிணத்தின் தலையைக் கலைத்துவிடுவது. பிணம் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

“நல்லா சீவி உடு அம்மிணி,” என்றது. “இவன் காலைல ஆபீசுக்குக் கெளம்பறப்பச் செத்தவன். தலை சீவாமயா கெளம்பியிருப்பான்?”

டைரக்டரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சீவச் சொன்னார். ஒரு வசனம்கூட இல்லாத பிணம், தான் எப்படிச் செத்தோம் என்று யோசித்து வைத்திருக்கிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்தவில்லை. அண்ணனை எழுந்து உட்காரச் சொல்லி, லென்ஸைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். அதையும் எடுத்தார்கள். சினிமாவில் அது வழக்கம். சாவு வேஷம் போட்டவரைச் சிரிக்க வைத்து எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அந்தச் சிரிப்பு படத்தில் வராது. ஆனால் அதை எடுக்காமல் பேக்கப் சொல்ல எந்த டைரக்டருக்கும் மனசு வராது.

அதற்குப் பிறகு அண்ணன் தமிழிலும் கன்னடத்திலும் போடாத வேஷம் இல்லை. போஸ்ட்மேன், ஏட்டு, பெண்ணைப் பெற்றவர், வாட்ச்மேன். விருதுகள் வந்தன. பத்திரிகைகள் அவரை மகா நடிகர் என்று எழுதின. எழுதி என்ன? போஸ்டரில் அவர் முகம் எப்போதும் ஹீரோவின் தோளுக்குப் பின்னால் ஸ்டாம்ப் அளவுக்குத்தான் இருக்கும். அவர் கவலைப்பட்டதில்லை. குருவம்மாதான் கவலைப்பட்டார். “எம்பையன் ஈரோவா ஒரு படம் நடிச்சு முடிச்சா அவன் முடிய உனக்குத் தர்றேன் மாதப்பா” என்று மலைக்கோயிலில் வேண்டிக்கொண்டார். அண்ணனுக்குத் தலை நரைத்தது. மாதப்பன் அவசரமே படவில்லை.

கடைசியில் அருண் வந்தான். சென்னைப் பையன், டைரக்டராக அதுதான் முதல் படம். அறுபதை நெருங்கிய அண்ணனை ஹீரோவாகப் போட்டு இரண்டு சகோதரர்களின் கதையை எழுதியிருந்தான். மாதையன் அண்ணனுக்குத் தம்பி வேஷம். அம்மா யாரோடு இருப்பது என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்றுவிடுகிறது. கடைசி சீனில் தம்பி போய் பெரியவன் வீட்டுக் கதவைத் தட்டி, அம்மா போய்விட்டதைச் சொல்லுகிறான். படமே அந்தக் கதவுக்காகத்தான்.

அந்த வேஷத்துக்காக அவரை முடி வளர்க்க வைத்தது நான். சாயம் போடக் கூடாது, கண்ட எண்ணெய் தடவக் கூடாது என்று மாமியார் மாதிரி காவல் காத்தேன். பின்கழுத்தில் புரளும் அந்த நரைமுடி ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும் என்றே சொல்லலாம்.

3. ராகு காலம் செய்த வேலை

படப்பிடிப்பு முடிந்தால் பூசணிக்காயில் சூடம் வைத்துச் சுற்றி, யூனிட் முன்னால் போட்டு உடைப்போம். அது உடைந்துவிட்டால் படம் முடிந்தது. நடிகர் தாடியை எடுக்கலாம், தொப்பையை வளர்க்கலாம், யாரும் கேட்க முடியாது. அதனால் எடுத்ததையெல்லாம் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூசணிக்காயைத் தொடவேண்டும்.

அன்று மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டில் கடைசி சீன். அண்ணன் நடித்து முடித்தபோது லைட் பையன்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். அருண் அழுதுகொண்டே ஓகே சொன்னான். அழுத கண்ணோடு மானிட்டரைப் பார்த்தால் ஃபோகஸ் எங்கே தெரியும்? மஞ்சுவோ வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றான். “சார், ராகு காலம் வருது, இப்பவே உடைச்சிடலாம்” என்று பூசணிக்காயோடு வந்துவிட்டான். படார் என்று உடைத்தான். எல்லோரும் கைதட்டினோம். சத்தியமாக நானும்தான் தட்டினேன்.

குருவம்மா பையில் துணி எடுத்து வைத்துத் தயாராகவே இருந்திருக்கிறார். அன்றே தாயும் மகனும் கார் பிடித்துக் கொள்ளேகால் வழியாக மலைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் விடிந்ததும் முடியைக் கொடுத்தாகிவிட்டது.

பெரியவன் வேஷத்தில் நடித்தவர் ஹைதராபாத்தில் பெரிய ஆள். அதற்கு அடுத்த நாள் மாலை விமானத்தில் அவர் கிளம்பிவிட்டால் மாதக்கணக்கில் கிடைக்க மாட்டார். படம் சீக்கிரமே ஒரு திரைப்பட விழாவுக்குப் போகவேண்டும். ஆக, எடுத்தால் அன்று காலையே எடுக்கவேண்டும். தலைக்கு வழி கிடைக்காவிட்டால் அண்ணனுக்கு ஒரு டூப்பை வைத்து முதுகைக் காட்டி ஒப்பேற்றவேண்டும். மாதையன் அண்ணன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஹீரோ. அந்தப் படத்தின் கடைசி சீனில் அவர் முகமே இருக்காது.

4. மந்திரி விக்

மொட்டை போட்ட அன்றே சாயங்காலம் அக்ரஹாரத்து வீட்டின் முன்னால் கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கியதும் அருண் அந்தத் தலையைப் பார்த்தான். பார்த்தான். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

“சாரி தம்பி,” என்றார் அண்ணன். “காய் உடைஞ்சிருச்சு, அதான் போயிட்டேன்.” எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. தப்பு செய்த யாரும் தலை குனியவில்லை, தப்பே செய்யாத மனிதர் அந்த மொட்டைத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்.

நான் பெட்டியைத் திறந்தேன். சொந்த முடி என்பதால் அவருக்கென்று விக் செய்யவில்லை. மைசூரில் ஒரு நாடகக் கம்பெனிக்காரரைக் கெஞ்சி ஒரு நரை விக் வாங்கி வந்திருந்தேன். ஏதோ நாடகத்தில் மந்திரிக்கு வைத்தது. வேனுக்குள் உட்கார வைத்து, வெட்டி, சுருளைக் குறைத்து, கம் தடவி ஒட்டினேன். புதிதாகச் சிரைத்த தலையில் கம் பட்டதும் அண்ணன் ஸ்ஸ் என்றார். கழுவக் கழுவச் சந்தனம் போகவில்லை. விக்கின் ஓரம் ஒட்டிப் பிடிக்கவும் இல்லை.

மானிட்டரில் பார்த்தோம். அம்மா செத்துப்போன செய்தியைச் சொல்ல வந்தவர் மாதிரி இல்லை. அடுத்த நாட்டின் மேல் படையெடுக்கலாமா என்று ராஜாவிடம் கேட்க வந்தவர் மாதிரி இருந்தார். மஞ்சு முதலில் சிரித்தான், அப்புறம் நான், கடைசியில் அண்ணனே சிரித்துவிட்டார். அருண் மட்டும் சிரிக்கவில்லை. “டூப்பையே போட்டுக்கலாம் அக்கா” என்றான்.

5. குருவம்மா பேசினார்

விக்கைக் கழற்றிவிட்டு அண்ணன் வேனிலிருந்து இறங்கி, அந்தக் கதவு முன்னால் போய்ச் சும்மா நின்றார். அவருக்கு அந்தச் சீனை விட்டுப் பிரிய மனமில்லை. தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. தலையில் ஒன்றும் இல்லை. எதிரே நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்த குருவம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார்.

“டேய் மாதா, அப்புடி நிக்காத. நாஞ்செத்துப் போயி, எனக்குக் காரியம் பண்ணிட்டு வந்தவனாட்டவே இருக்கற.”

அருண் தலையைத் தூக்கினான். எங்கள் பக்கம் அம்மா போனால் கடைசி மகன்தான் கொள்ளி வைத்து மொட்டை போடுவான். படத்தில் மாதையன் அண்ணன்தானே கடைசி மகன்! பேச்சு விட்டுப்போன பெரியவனுக்குச் சொல்லாமலே எல்லாம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு வந்து நிற்கிறான் என்று வைத்தால்? கதவைத் திறக்கும் பெரியவன் அந்தத் தலையைப் பார்ப்பான். ஒரு பக்க வசனமும் தேவையில்லை. அருண் அதைச் சொல்லச் சொல்ல நான் அந்த விக்கைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

அண்ணன் ஒரே வார்த்தையில் மறுத்தார். “முடியாது.”

“அண்ணே, இதைவிட நல்லா…”

“நல்லாத்தான் இருக்கும் தம்பி. ஆனா இது மாதப்பனுக்குக் குடுத்த தலை. எங்காத்தா கல்லாட்டம் எதுக்க உக்காந்திருக்கறப்ப, ஆத்தாளுக்குக் காரியம் பண்ணின தலைன்னு இதக் காட்ட மாட்டேன். டூப்பப் போட்டுக்குங்க.”

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் அதற்கு மேல் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. மஞ்சு கழுத்துச் சங்கிலியிலிருந்த சாமி படத்தைப் பிடித்துக்கொண்டு, “பேட சார், வேண்டாம், அபசகுனம்” என்றான்.

குருவம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏண்டா, நான் மாதப்பன்கிட்ட என்னன்னு வேண்டுனேன்? நீ ஈரோவா நடிச்சு முடிக்கோணும்னு. நீ முடிக்கல. முடியக் குடுத்துப்போட்டுப் படத்த உட்டுட்டீன்னா, பாவம், வேலையே செய்யாம முடி வாங்கிட்டான்னு அவனுக்குத்தான் கெட்ட பேரு.”

“ஆத்தா, அதுக்குன்னு…”

“சும்மா இர்றா. நீ எத்தன தடவ பொணமாப் படுத்த? நான் சினிமாக் கொட்டாயில உக்காந்து பாக்கல? வயிறு எரியாமயா இருந்துச்சு? பெத்தவ உஞ்சாவ அத்தன தடவ பாத்தேன். நீ எஞ்சாவ ஒருதடவ நடிக்க மாட்டியா?”

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வேன் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதால் எனக்கு மூக்கு சிவந்துவிடும், யூனிட்டில் கிண்டல் செய்வார்கள்.

6. கதவு

காலை முதல் வெளிச்சத்திலேயே எடுத்தோம். எனக்கு வேலை ஒன்றும் இல்லை. ஈரத் துணியால் தலையைத் துடைத்து, காதோரம் ஒட்டியிருந்த சந்தனத்தை எடுத்துவிட்டேன். ஒற்றை முடியில்லாத தலைக்கு ஹேர் டிரெஸ்ஸராக நின்ற பெருமை அநேகமாக எனக்கு மட்டும்தான்.

கதவு திறந்தது. பெரியவர் எரிச்சலோடு என்ன என்று கேட்க வாயெடுத்தார். அவர் கண் மெதுவாகத் தம்பியின் முகத்திலிருந்து மேலே போனது. வாய் அப்படியே நின்றது. மாதையன் அண்ணன் வெட்கப்படுபவர்போல் கையை எடுத்துத் தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். அவ்வளவுதான். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தார்.

அருண் இந்த முறை அழவில்லை. கட் சொன்னதும் ஓடிப்போய் மானிட்டரில் ஃபோகஸைப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். மஞ்சு பார்த்தான். நானும் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு ரோமக்காலும் தெரிந்தது.

குருவம்மாவுக்கும் போட்டுக் காட்டினார்கள். முழுசாகப் பார்த்தார். அவர் நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

“நல்லாத்தாஞ் செத்திருக்கேன்,” என்றார்.

அப்போதுதான் அண்ணன் உடைந்து அழுதார். ஹீரோவாகிவிட்ட சந்தோஷமா, அம்மா பக்கத்தில் இருக்கிற சந்தோஷமா, கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது.

“கேமராவ ஆஃப் பண்ணாதீங்க,” என்றார் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஆத்தாள இங்க உக்கார வைங்க.” எனக்கு உடனே புரிந்தது. கதவு முன்னால் நாற்காலியைப் போட்டோம். நான் குருவம்மாவின் தலையைச் சீவி, கொண்டையில் மல்லிகை வைத்தேன். மாதையன் அண்ணன் லென்ஸுக்குப் பக்கத்தில் நின்று மொட்டைத் தலையை ஆட்டிக் காட்டினார். அந்த அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தப் படத்தின் கடைசி ஷாட் அதுதான். உலகத்துக்குத் தெரியாது.

பிறகு மஞ்சு இரண்டாவது பூசணிக்காயை எடுத்தான். எடுத்தவன் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்து, “பார்த்தாச்சுல்ல? எல்லாம் பார்த்தாச்சுல்ல?” என்று கேட்டுவிட்டுத்தான் உடைத்தான்.

அந்த வேஷத்துக்கு அண்ணனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அந்த மொட்டையை இயக்குநரின் துணிச்சலான முடிவு என்று எழுதினார்கள். எழுதட்டும். இந்தத் தொழிலுக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எடுத்ததைப் பார்க்காமல் பூசணிக்காயை உடைக்க விடாதீர்கள், யார் ராகு காலம் சொன்னாலும் சரி. அதையும் மீறி உடைந்துவிட்டால், விக்கைத் தேடி ஓடாதீர்கள். எதிரே நிற்கிற தலையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

குருவம்மா நன்றாக இருக்கிறார். டிவியில் அந்தப் படம் வரும்போதெல்லாம் தெருவையே வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். கடைசி சீன் வந்ததும் எல்லோரையும் அதட்டுகிறார்.

“பேசாதீங்க, நாஞ்சாகப் போறேன்.”