மூன்றாம் ஓலை நாளில் பூட்டிய கேட்

மூன்று வருடங்களுக்கு முன், ஈஸ்டர் முடிந்து நாலாவது ஞாயிறு. புதுக்கோட்டையில் திருக்கோகர்ணம் போகிற வழியில் இருக்கும் எங்கள் சின்ன மெதடிஸ்ட் ஆலயத்தின் கேட்டுக்கு வெளியே, இரண்டு சாவிகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். மணி ஏழு நாற்பது. ஆறு வருடமாக ஞாயிறுதோறும் ஏழரைக்கு நான் திறந்துவிடும் கேட் அது. அன்று திறக்கக் கூடாது என்பது முடிவு.

அரசுப் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வந்த பஸ், போன பஸ், தாமதமான நிமிடம் என்று எழுதி எழுதி, எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆலயத்திலும் அதே வேலைதான். திறப்பேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன், வந்திருக்கும் தலைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவேன். பத்தொன்பது பெஞ்சு, பதினாலு ஜன்னல், எழுபத்து நாலு குடும்பம். ஒரு வாரம் பத்துப் பேர் குறைந்தால் எனக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. எங்கள் போதகருக்கு மாற்றல். சனிக்கிழமைக்குள் புது இடத்தில் சேர வேண்டும், ஞாயிறு புதியவர் வருவார். எங்கள் சபையில் போதகர்கள் மாறுவது புதிதில்லை. வருடாந்தர மாநாட்டில் பெயர் வாசிப்பார்கள், பெட்டியைக் கட்டுவார்கள். ஆனால் நடு வருடத்தில், இரண்டே நாளில், காரணம் சொல்லாமல் யாரையும் அனுப்பியதில்லை. அவர் வந்து இரண்டு வருடமும் நாலு மாதமும்தான் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு சின்ன வேனில் அவர் சாமான்களை ஏற்றினார்கள். இருபத்து மூன்று அட்டைப் பெட்டி, ஒரு சைக்கிள். நான் கேட்டருகே நின்று புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து, “சார், ஞாயித்துக்கிழமை ஒண்ணே ஒண்ணு மட்டும்...” என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. “ஞாயித்துக்கிழமைய நாங்க பாத்துக்கிறோம்யா. நீங்க கவலைப்படாம போங்க” என்று குறுக்கே பேசிவிட்டேன். அவர் மறுபடி வாயெடுத்தார். அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் முப்பத்தெட்டுப் பேர். புதியவரை உள்ளே விடுவதில்லை, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போனால் மேலிடம் இறங்கி வரும் என்று தீர்மானித்தார்கள். கமிட்டியில் இருக்கும் ஒரு மரக்கடை அண்ணன்தான் முன்னே நின்றார். பழைய போதகரையே திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிய மனுவில் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ஏழாவது கையெழுத்து என்னுடையது. சாவி என்னிடம் என்பதால் எல்லாரும் என் தோளைத் தட்டினார்கள். எனக்கோ பயமாக இருந்தது. இப்படித்தான் ஒரு வாரம் என்று பூட்டிய ஒரு சபை இரண்டாகப் பிளந்து, வருடக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

“சாவிய யாருட்டயாவது குடுத்துட்டு வீட்ல இருங்களேன்” என்றாள் என் மனைவி. அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஞாயிறு காலை பதற்றத்தில் பிரஷர் மாத்திரையை இரண்டு முறை போட்டேனா, ஒரு முறைதானா என்ற சந்தேகத்தோடுதான் கிளம்பினேன். அட்டையை எண்ணிப் பார்த்தும் தெளியவில்லை.

எட்டு மணிக்கு வெளியே என்னைச் சேர்த்து ஐம்பத்திரண்டு பேர். இத்தனை பேர் நம் பக்கம் என்று ஒரு தைரியம் வந்தது. எட்டு ஐந்துக்கு டவுன் பஸ்ஸிலிருந்து புதிய போதகர் இறங்கினார். நாற்பது வயது இருக்கும். ஒரு தோளில் பை. சலவைக்கடை உறையில் வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி, அது கசங்காமல் சாலையைக் கடந்து வந்தார்.

“டைம் கீப்பர் சார், பஸ்ஸு அஞ்சு நிமிஷம் லேட்டு. எழுதிக்கங்க” என்று யாரோ சொல்ல, சிரிப்பு.

“அடுத்த பஸ்ஸு எட்டே காலுக்குத் திருச்சிக்கு இருக்குங்க. சீட்டு காலியாத்தான் கெடக்கும்” என்றார் மரக்கடை அண்ணன்.

புதியவர் கேட் பக்கம் வந்தார். பூட்டைப் பார்த்தார். “சாவி வச்சிருக்க சார் யாருங்க?” என்று கேட்டார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். தர முடியாது என்று எப்படிச் சொல்வது என நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். பதினோரு தடவை. அவர் என் அருகில் வந்தார், ஆனால் சாவியைக் கேட்கவே இல்லை.

“சார், இன்னைக்கு ஒரு பொண்ணுக்கு மூணாவது ஓலையாமே? பழைய ஐயா நேத்து போன் பண்ணி அத மட்டும்தான் சொன்னாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க வந்துட்டாங்களா?”



எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்ல யாராவது உண்டா என்று சபையைக் கேட்பார்கள். மூன்று முறையும் தடையில்லை என்றால்தான் போதகர் கையெழுத்திட்டுச் சான்று தருவார். அந்தப் பெண்ணுக்குக் கீரனூரில் மாப்பிள்ளை வீட்டார் ஆலயத்தில் புதன்கிழமை கல்யாணம். சான்று இல்லாமல் அங்கே நடத்த மாட்டார்கள். மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவன், அடுத்த ஞாயிறு விமானம். முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் வாசித்தபோது நான்தான் கடைசி பெஞ்சில் இருந்து விரல் விட்டு எண்ணினேன். மூன்றாவதை மறந்துவிட்டேன். போதகர் வெள்ளிக்கிழமை சொல்ல வந்தது அதைத்தான்.

திரும்பிப் பார்த்தேன். எதிர் டீக்கடை ஓரத்தில் அந்தப் பெண்ணின் அம்மா நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர், கணவர் இல்லை. பக்கத்தில் சான்று வாங்கிப் போக வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா. இருவரும் ஏழே காலிலிருந்து நிற்கிறார்களாம். என் ஐம்பத்திரண்டில் அந்த இரண்டு தலையும் அடக்கம். எங்கள் பக்கம் என்று எண்ணி வைத்திருந்தேன்.

“ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றேன்.

“கேக்கலாம்னுதான் நெனச்சேன் சார். எல்லாரும் கோவமா இருந்தீங்க” என்றார். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

மரக்கடை அண்ணன் குறுக்கே வந்தார். “சார், தொறந்துராதீங்க. இன்னைக்குத் தொறந்தா அம்புட்டுதான். வேணும்னா ரோட்டுல வச்சே படிக்கட்டும்.”

“எங்க ஊர்ல கதவத் தொறந்து வச்சுத்தாங்க ஓலை படிக்கிறது” என்றார் அந்தப் பெரியப்பா. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதற்குப் பிறகு, “மாப்ள வீட்ல நான் என்னன்னு போய்ச் சொல்றது?” என்று அந்த அம்மாவைக் கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

நான் கேட்டைத் திறக்கப் போனேன். பூட்டில் சாவி நுழையவே இல்லை. ஆறு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு திறந்த பூட்டு. மூன்றாவது முயற்சியில்தான் தெரிந்தது, ஆலயக் கதவின் சாவியைக் கேட் பூட்டில் போட்டுக் குத்திக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து, “காட்டிக் குடுத்துட்டீங்களே சார்” என்று ஒரு குரல். எனக்குப் பழக்கமான குரல்தான். திரும்பவில்லை.

போதகர் வாசலிலேயே அங்கியை மாட்டிக்கொண்டார். என்னைச் சேர்த்து உள்ளே வந்தது இருபத்தொன்பது பேர். இருபத்து மூன்று பேர் வெளியே நின்றார்கள். முதல் வேலையாக அவர் ஓலையைத்தான் எடுத்தார். பெயர்களை வாசித்துவிட்டு, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டு நிறுத்தினார்.

என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நிறுத்தத்தை நான் அனுபவித்ததில்லை. பதினாலு ஜன்னலும் திறந்திருக்கின்றன. வெளியே கொதிப்போடு இருபத்து மூன்று பேர். புதியவர் மேல் இருக்கும் கோபத்தில் ஒருவர், ஒரே ஒருவர், “இருக்கு” என்று கத்திவிட்டால் போதும். விசாரணை, தள்ளிவைப்பு, கல்யாணம் போயிற்று. நான் விநாடிகளை எண்ணினேன். நாலாவது விநாடியில் ஜன்னலுக்கு வெளியே மரக்கடை அண்ணன் வந்து நிற்பது தெரிந்தது. ஆறாவதில் அவர் தொண்டையைச் செருமினார். அந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஏழு. எட்டு. யாரோ பேச வாயெடுக்க, அண்ணன் பின்னால் திரும்பி, “ஸ்... சும்மா இருங்கப்பா” என்று அதட்டினார். ஒன்பது.

“தடையில்லை” என்றார் போதகர். நின்று எண்ணிக்கொண்டிருந்த நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்ததும் சான்றில் கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார். புதன்கிழமை கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். பழைய போதகருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்கலாம் என்று எடுத்தால், அவர் “ஓலை படிச்சாச்சுல்ல சார்?” என்றுதான் முதலில் கேட்டார். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவர் கவலைப்பட்ட ஒரே காரியத்தைத்தான் நாங்கள் பூட்டி வைத்திருந்தோம்.

எங்கள் மனுவுக்குப் பதில் வரவில்லை. அவரை ஏன் மாற்றினார்கள் என்று இன்றுவரை தெரியாது. வெளியே நின்றவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நாலு குடும்பம் வரவே இல்லை. அந்த நாலும் என் கணக்கில் உறுத்திக்கொண்டேதான் இருக்கின்றன.

இந்தப் போதகருக்கும் மாற்றல் வரப்போகிறது என்று போன வாரம் பேச்சு. எனக்கு மறுபடி அந்தப் பயம் வந்துவிட்டது. ஆனால் இப்போதெல்லாம் தலைகளை எண்ணி முடித்தவுடன் பதிவேட்டை மூடுவதில்லை. வாய் திறந்து கேட்கத் தயங்கி ஓரமாக யாராவது நிற்கிறார்களா என்று வாசல்வரை போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்துதான் எண்ணிக்கையை எழுதுகிறேன்.