கறுப்பு வெள்ளைப் படமும் சிவப்புக் கிட்டாரும்

வாத்தியக் கடையில் வந்த சரக்கை விற்பது பெரிய காரியமில்லை. வராத சரக்கைப் பற்றிப் பதில் சொல்லத்தான் தனித் தெம்பு வேண்டும். எந்தக் கடையில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பழகியவராக இருந்தாலும் உங்களுக்கு இது புரியும். நான் நின்றது மலாக்கா டவுனில், கிராமபோனும் ஆர்மோனியமும் ரேடியோவும் விற்ற ஒரு சீனர் கடையில். முதலாளியைத் ‘தவுக்கே’ என்று கூப்பிடுவோம். வெள்ளைக்காரர் ஆட்சியில், கம்யூனிஸ்டுகளோடு சண்டை என்று அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். எஸ்டேட்டுகளைச் சுற்றிக் கம்பி வேலி, ரோட்டுக்கு ரோடு சோதனை, இருட்டினால் ஊரடங்கு. அப்படிப்பட்ட காலத்திலும் ஜனங்கள் ஒரு கிட்டாருக்காக மல்லுக்கு நின்றார்கள் என்றால் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

கையெழுத்து

ரேடியோவில் மேல்நாட்டு இசை நேரத்தில் ஓர் அமெரிக்கர் மின்சாரக் கிட்டார் வாசிப்பார். அவர் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. விரல் போகிற வேகத்தைக் கேட்டுவிட்டு நம் பையன்களே ‘மின்னல் துரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கையெழுத்தோடு புது மாடல் கிட்டார் வரப்போகிறது என்று சொல்லி, சிங்கப்பூர் ஏஜெண்டு ஒரு படத்தை அனுப்பினார். சுவரில் ஒட்டினேன். அவ்வளவுதான், அன்று முதல் எனக்கு நிம்மதி போயிற்று.

தினமும் வந்து படத்தின் முன்னால் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் நடராஜன், அரசாங்க ஆபீஸ் கிளார்க், வெள்ளைச் சட்டை கசங்காமல் பேசுகிறவர். இன்னொருவன் லோகநாதன், மெர்லிமாவ் பக்கத்து எஸ்டேட்டில் லாரி ஓட்டுகிறவன். டவுனுக்கு ரப்பர் ஏற்றி வரும்போதெல்லாம் கடைக்குள் தலையை நீட்டுவான். ஒவ்வொரு கிட்டாரையும் துரையே கையில் எடுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்பது லோகாவின் நம்பிக்கை. “அது அச்சு மிஸ்டர் லோகநாதன், எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கும். உமக்குத்தான் கையெழுத்தே வராதே, உமக்கு எதுக்கு அது?” என்றார் நடராஜன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சண்டை வரும் என்று நினைத்தேன். லோகா சிரித்துக்கொண்டே சொன்னான்: “கையெழுத்து போட்டவன் விக்கிறதைக் கைநாட்டு வாங்கப்படாதுன்னு சட்டம் இருக்கா சார்?”

வயிறில்லாத வாத்தியம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை லோகா தன் மனைவி சரோஜாவை அழைத்து வந்தான். அதே எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பெண். பாசாருக்கு மீன் வாங்க வந்தவளைப் படத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அவள் படத்தை உற்றுப் பார்த்தாள். கிட்டார் என்றால் நடுவில் ஓட்டை இருக்கும், உள்ளே கூடாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இதில் ஓட்டை கிடையாது, முழுக்கட்டை என்று நான் விளக்கினேன். கம்பியின் அதிர்வு ஒயர் வழியாக ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் போய், அங்கிருந்துதான் சத்தம் வரும் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இதற்காகவா இந்த மனுஷன் தூக்கத்தில்கூடப் புலம்புகிறான் என்ற அதிர்ச்சி முகத்தில் அப்படியே தெரிந்தது. “வயிறே இல்லாம வாய் மட்டும் தனியா ஒரு பெட்டியிலயா? நல்ல குடும்பந்தான் அண்ணே இது!”

சிவப்புதான் வருது

ஏஜெண்டு அனுப்பிய படம் கறுப்பு வெள்ளை. கிட்டாரின் கலர் என்ன என்று அதில் தெரியாது. உலகத்தில் இருந்த எல்லாத் தகராறும் அதிலிருந்துதான் கிளம்பியது. தங்கக் கலர் என்றார் நடராஜன். சிவப்பு என்றான் லோகா. எங்கள் கடையில் ஆரம்பித்து, பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து குரலை உயர்த்துவார்கள். கடைசியில் ஒருநாள் அந்தக் கோப்பிக் கடையில் நடராஜனே மனம் மாறிவிட்டார். சிங்கப்பூரிலிருந்து வந்த யாரோ சொன்னார்களாம். “நீர் சொன்னதுதான் சரி. சிவப்புதான் வருது. கப்பல்ல ஏத்தியாச்சாம்” என்றார். லோகா மேசையைத் தட்டினான். “வரட்டும் சார்! நேரா எங்க எஸ்டேட்டுக்குக் கொண்டு போறோம். கரண்டு குடுத்தோம்னா லயத்து வீடெல்லாம் அதிரும். துரை யாருன்னு அன்னைக்குத் தெரியும்லா!”

அந்த நாளில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து வந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு என்ற சொல்லையே நாங்கள் வீட்டுக்குள் மெதுவாகத்தான் சொல்லுவோம். அடுத்த மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆள் யாரென்று அவர்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவேயில்லை. மறுநாள் காலை நடராஜனை ஆபீஸிலிருந்தும், லோகாவை லாரியிலிருந்து இறக்கியும் போலீஸ் கொண்டுபோய்விட்டது. விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே வைக்கலாம், குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடலாம். அப்படிப் போனவர்களை எங்களுக்குத் தெரியும். சரோஜா பால் வாடை போகாத சட்டையோடு கடைக்கு ஓடிவந்தாள். நடந்ததை நான் சொன்னேன். அவள் அழவில்லை. சுவரிலிருந்த படத்தைக் காட்டிக் கேட்டாள்: “இன்னும் வந்தே சேராத ஒரு கட்டைக்கா அண்ணே என் புருஷனைப் புடிச்சாங்க?”

இன்ஸ்பெக்டர் அபிப்பிராயம்

படத்தைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தேன். தவுக்கே கையைப் பிடித்துக்கொண்டார். “நீ போனா உன்னையும் உள்ள வைப்பான், போகாத” என்றார். பயம்தான். போகாவிட்டால் சரோஜாவின் முகத்தில் எப்படி விழிப்பது? போனேன்.

இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், சாந்தமான மனிதர். கோப்பிக் கடைப் பேச்சு முழுவதையும் மலாயில் வரி விடாமல் எனக்குச் சொன்னார். சிவப்பு, கப்பல், எஸ்டேட், கரண்டு, அதிரும், துரை. கேட்கக் கேட்க, நானே இருந்தாலும் இவர்களைப் பிடித்துத்தான் போட்டிருப்பேன் என்று தோன்றிவிட்டது. படத்தை மேசையில் விரித்தேன். மின்னல் துரை யார், கையெழுத்து எது, கரண்டு எதற்கு என்று தெரிந்த மலாயில் சொல்லி முடித்தேன். அவர் ரேடியோவில் வரும் அந்த அமெரிக்கரின் ஒரு பாட்டை முணுமுணுத்துக் காட்டி, “இவனா?” என்று கேட்டார். இவனேதான் என்றேன். அவர் படத்தைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரையும் விடச் சொல்லிவிட்டு, படத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். நான் சலாம் போட்டு எழுந்தபோது சொன்னார்: “எனக்கென்னவோ தங்கக் கலர்தான் வரும்னு தோணுது.”

பெட்டி திறந்தபோது

கிட்டார் ஒருவழியாக வந்து சேர்ந்தது. லோகாவுக்குச் சொல்லி அனுப்பினேன். லாக்கப்பில் பட்டதில் கொஞ்சம் இளைத்திருந்தான். ஆனால் லாரியை நிறுத்திவிட்டு ஓடிவந்த ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சரோஜாவும் கூடவே வந்திருந்தாள். ஆணியைக் கழற்றி, வைக்கோலை விலக்கி, துணியை எடுத்தேன். சிவப்புமில்லை, தங்கமுமில்லை. படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. லோகா தொட்டான், நகத்தால் ஓரத்தில் சுரண்டிக்கூடப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்: “கறுப்பா? ஒரு கறுப்புக் கட்டைக்கா அண்ணே நான் உள்ள குந்தியிருந்தேன்?”

சத்தம்

கோபம் தணிந்ததும் வாசித்துப் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஒயரை மாட்டினோம். லோகா கிட்டாரை ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேரே பிடித்துக்கொண்டு சத்தக் குமிழை ஒரேயடியாகத் திருகினான். கம்பியைத் தொடக்கூட இல்லை. ஊளை ஒன்று கிளம்பிற்று பாருங்கள்! ஊரடங்குச் சங்கை யாரோ பட்டப்பகலில் ஊதிவிட்ட மாதிரி. எதிர்வரிசைக் கடைகளில் கதவுப் பலகைகளைப் படபடவென்று சாத்தினார்கள். கோப்பிக் கடையில் குடித்தது குடித்தபடி எழுந்து ஓடினார்கள். நான் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினேன்.

தெரு காலியாகிவிட்டது. எங்கள் கடை வாசலில் ஒரே ஒரு ஆள் மட்டும் நின்றார், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு. நடராஜன். விடுதலையான நாளிலிருந்து அவர் கடைப் பக்கம் வந்ததில்லை. ஆபீஸில் வேலை போகவில்லை என்றாலும், யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். சட்டை கசங்கியிருந்தது. சத்தம் நின்ற பிறகும் கைகள் இறங்கவில்லை. லோகா சிரிக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். யாரையும் பார்க்காமல், தெருவைப் பார்த்து அவர் சொன்னார்: “நான் எந்தக் கலரும் சொல்லலைங்க.”

சத்தமில்லாமல்

லோகாதான் போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினான். “சார், நாங்கதான் சார். உள்ள வாங்க” என்று தோளில் கை போட்டு அழைத்து வந்து உட்கார வைத்தான். சரோஜா கோப்பிக் கடைப் பலகையைத் தட்டித் திறக்கவைத்து ஒரு கிளாஸ் கோப்பி வாங்கிவந்தாள். அவர் குடித்து முடித்தார். பிறகு லோகா கிட்டாரை எடுத்து, ஒயர் இல்லாமல், அவர் மடியில் வைத்தான். நடராஜனுக்குக் கொஞ்சம் வாசிக்க வரும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மெதுவாகத் தடவினார். முழுக்கட்டையில் கரண்டு இல்லாமல் எவ்வளவு சத்தம் வரும்? கொசு பாடுகிற மாதிரிதான் வந்தது. கேட்பதற்காக நாங்கள் குனிந்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றோம். முடித்துவிட்டு முதல்முறையாக எங்களை நிமிர்ந்து பார்த்தார். “இதுதான் இந்தக் காலத்துக்குச் சரியான வாத்தியம். பக்கத்துல இருக்கறவனுக்கு மட்டும் கேக்குது” என்றார்.

அந்தக் கிட்டாரைக் கடைசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வாங்கிப் போய்விட்டான். எனக்கு மிஞ்சியது, அடுத்த மாடலைப் பற்றி யாராவது வாய் திறந்தால் பக்கத்தில் பேப்பர் படிப்பவர் யாரென்று முதலில் எட்டிப் பார்க்கிற பழக்கம் ஒன்றுதான்.