கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

பனிக்காலத்து ஈரத்தில் மன்னவனூரில் உப்புகூடக் கசிந்துவிடும். அந்தப் பயத்தில் என் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு கம்பளியைப் போர்த்தி வைத்திருந்தேன். டைப் அடிக்கும்போது முன்பக்கத்தை மட்டும் விலக்கிக்கொள்வேன். ஒரு காலையில் பட்டென்று சத்தம், கருகிய வாடை. உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி போய்விட்டது. அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கொடைக்கானலுக்கு பஸ் ஏறினேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரப் பெண்மணியிடம், "இருக்கிறதுலயே பெரிய வாட்டா குடுங்க" என்றேன். அவர் எடுக்கவில்லை. கேம்ஸ் ஆடுவேனா, தனியாக கிராபிக்ஸ் கார்டு உண்டா என்று விசாரித்தார். வாங்க வந்தவனிடம் இத்தனை கேள்வியா என்று எனக்கு எரிச்சல்.

"டைப் அடிக்கிறது மட்டுந்தாங்க சோலி."

"அப்ப நானூத்தம்பது வாட்டே தாராளம் சார்."

பழையதன் வயர்களைப் புதியதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, என் பழைய மதர்போர்டில் மாட்ட வரும் என்று உறுதிசெய்தார். அதோடு விடவில்லை. "இது ஏன் போச்சுன்னு பாக்காம மாட்டுனா புதுசும் போயிரும்" என்று பழையதைத் திறந்தார். ஃபேனில் கம்பளி நூல் உருண்டையாகச் சுற்றிக் கிடந்தது. அசடு வழிய விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஓடுற சூட்டுலயே ஈரமெல்லாம் காஞ்சிரும் சார். காத்து மட்டும் போகட்டும்."

வீட்டில் மாட்டியதும் ஓடியது. அந்தப் பெண்மணியை மனதுக்குள் கும்பிட்டேன். கம்பளியை மடிக்கப் போனவன், அதைப் போர்த்திக்கொண்டு டைப் அடிக்க உட்கார்ந்தேன். இத்தனை பனிக்காலமும் நடுங்கியது நான்தான்.